தகவல் கொடுத்தவர்: மகன்

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக மிஞ்சிய பாடம் ஒன்றே ஒன்றுதான். தொகையைப் பார்க்காதே, வவுச்சரில் கையெழுத்துப் போட்ட ஆசாமி யார் என்று பார். மற்றதெல்லாம், காஸ்ட் அக்கவுண்டன்ஸி, கம்பெனி லா வகையறா, பரீட்சை ஹாலை விட்டு வெளியே வரும்போதே எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விட்டன.

அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு இந்த வாரம் ஒரு குடும்பத்தை ஆடிட் பண்ணிப் பார்க்கலாம். இடம்: ஆஸ்திரேலியாவில் விக்டோரியா. காலம்: அது பிரிட்டிஷ்காரர்களின் காலனியாக இருந்த 19-ம் நூற்றாண்டு. மெல்பர்னுக்கு வடக்கே போகப் போக வரும் பட்டிக்காடுகளில் வாழ்ந்த ஓர் ஏழைக் குடும்பம். உயில் எழுதச் சொத்து கிடையாது. சுயசரிதை எழுத நேரம் கிடையாது. இப்படிப்பட்டவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிப்பது எப்படி?

"ஏன் ஸார், சென்ஸஸ் இருக்குமே?" என்பீர்கள். இங்கிலாந்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி வந்த தாள்களில் பெரும்பாலானவற்றை, தலைகளை எண்ணி முடித்ததும் ஒழித்துவிட்டார்கள். எண்ணிக்கைதானே வேண்டும், பெயர் எதற்கு என்கிற சிக்கன புத்தி. சிட்னியில் 1882 செப்டம்பரில் கார்டன் பேலஸ் என்ற பிரமாண்டமான கட்டடம் ஒரே காலையில் எரிந்து போனது. உள்ளே வைத்திருந்த சென்ஸஸ் தாள்களும் கூடவே சாம்பல்.

மிச்சம் இருப்பவை மூன்று ரிஜிஸ்தர்கள். பிறப்பு, கல்யாணம், சாவு. இதில் பிறப்பு விஷயத்தில் சர்க்கார் ரொம்பக் கண்டிப்பு. நியூ சௌத் வேல்ஸில் பிறப்புப் பதிவு 100 வருஷம் ஆனால்தான் பொதுப் பார்வைக்கு வரும். கல்யாணத்துக்கு 50. சாவுக்கு 30 போதும். (செத்தவர் வந்து ஆட்சேபணை சொல்ல மாட்டார் என்ற தைரியம்.) போதாக்குறைக்கு, காட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் பிறப்பைப் பல சமயம் பதிவே செய்யவில்லை. அதனால் அங்கே குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் சாவில் ஆரம்பித்து, அதிலிருந்து கல்யாணத்துக்குப் போய், அப்புறம்தான் பிறப்புக்கு வருகிறார்கள். ஒரு முழு வாழ்க்கையை ரிவர்ஸ் கியரில் ஓட்டுவது.

* * *

இந்த ரிவர்ஸ் பயணத்துக்கு விக்டோரியா மாதிரி ரோடு போட்டுக் கொடுத்த இடம் குறைவு. அங்கே 1853 ஜூலை 1-ம் தேதி சர்க்கார் பதிவு ஆரம்பமானது. அதை ஏற்பாடு செய்தவர் வில்லியம் ஹென்றி ஆர்ச்சர். லண்டனில் இன்ஷூரன்ஸ் ஆக்சுவரியாக இருந்தவர். இன்ஷூரன்ஸ்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ராத்திரி தூக்கம் வராது.

மனுஷர் வடிவமைத்த டெத் சர்டிபிகேட்டைப் பாருங்கள். பெயர், வயது, தொழில், சாவுக்குக் காரணம், பார்த்த டாக்டர், புதைத்த இடம்; இவ்வளவும் எந்த ஊரிலும் கேட்பதுதான். மேற்கொண்டு செத்தவரின் அப்பா பெயர், அப்பாவின் தொழில். அம்மா பெயர், கல்யாணத்துக்கு முன் அம்மாவின் குடும்பப் பெயர். செத்தவர் பிறந்த ஊர். ஆஸ்திரேலியாவுக்கு வந்து எத்தனை வருஷம், எந்தெந்தக் காலனியில் எத்தனை. எங்கே கல்யாணம், எந்த வயதில், யாரோடு. பிள்ளைகள் பெயர், வரிசைப்படி வயது.

பக்கத்துக் காலனியான தெற்கு ஆஸ்திரேலியாவின் பழைய சர்டிபிகேட்டில் இதில் பாதி கூடக் கிடையாது. அங்கே ஒருவர் செத்தால் செத்தார், அவ்வளவுதான். விக்டோரியாவில் செத்தால் மூன்று தலைமுறை ஒரே தாளில். 'தயவுசெய்து என் கொள்ளுத்தாத்தா விக்டோரியாவில் செத்திருக்க வேண்டும்' என்று வேண்டிக்கொள்ளும் ஆராய்ச்சிக்காரர்கள் இருந்தால் ஆச்சரியமில்லை.

சரி, இத்தனை கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார்? விஷயம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். அதனால் ஆர்ச்சர் இன்னொரு கட்டமும் போட்டிருக்கிறார். தகவல் கொடுத்தவர் யார், அவருக்கு என்ன உறவு. நம்முடைய வவுச்சர் கையெழுத்து! புது ஆசாமிகள் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். கைதேர்ந்தவர்கள் முதலில் இதைத்தான் படிப்பார்கள். சொன்னது மனைவியா, மருமகனா, சத்திரக்காரனா, இல்லை சவப்பெட்டி செய்தவனா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற கட்டங்களை நம்பலாமா வேண்டாமா என்பது.

* * *

இப்போது நம் குடும்பத்துக்கு வருவோம். அப்பா பெயர் ஜான். எல்லோரும் 'ரெட்' என்பார்கள். அயர்லாந்தில் டிப்பரரிக்காரர். இரண்டு பன்றி திருடியதற்காக 1841-ல் ஏழு வருஷ தண்டனை. கப்பலேற்றி, வான் டீமன்ஸ் லேண்ட் என்று அப்போது சொன்ன இன்றைய டாஸ்மேனியாவுக்கு அனுப்பினார்கள். 1842 ஜனவரியில் போய் இறங்கினார். பன்றி ஒன்றுக்கு மூன்றரை வருஷம் என்று கணக்கு.

தண்டனை முடிந்து கடல் தாண்டி விக்டோரியா பக்கம் வந்தார். 1850 நவம்பர் 18-ல் மெல்பர்ன் செயின்ட் ஃபிரான்சிஸ் சர்ச்சில் எல்லன் க்வின் என்ற பெண்ணோடு கல்யாணம். சர்க்கார் ரிஜிஸ்தர் ஆரம்பிக்க இன்னும் மூன்று வருஷம் இருந்ததால் இது சர்ச் புத்தகத்தில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. டாஸ்மேனியாவிலிருந்து வரும் பழைய கைதிகளைத் தடுக்க விக்டோரியா 1852-ல் தனிச் சட்டமே போட்டது. ஆகவே பல வீடுகளில், எந்தக் காலனியில் எத்தனை வருஷம் என்ற கட்டத்தில் டாஸ்மேனியா வருஷங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். அப்பா செத்தபிறகும் மானத்தைக் காப்பாற்றினார்கள் பிள்ளைகள். பேரப்பிள்ளைகளுக்கு விஷயமே தெரியாமல் போனது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். பரம்பரையில் ஒரு கைதி அகப்பட்டால் விருந்து வைக்கிறார்கள். கைதி ஆவணங்களை யுனெஸ்கோவே 2007-ல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ரெட்டுக்கும் எல்லனுக்கும் எட்டுக் குழந்தைகள். மூத்த பெண் கைக்குழந்தையாகவே போய்விட்டது. மீதி ஏழு. பெவரிட்ஜ் என்ற ஊரில் இருந்தார்கள், சரிப்படவில்லை. 1864-ல் அங்கிருந்து ஆவனல். 1865-ல் கணக்கில் வராத ஒரு மாட்டுத்தோல் வீட்டில் இருந்ததென்று ரெட்டுக்கு 25 பவுண்டு அபராதம், கட்டாவிட்டால் ஆறு மாசம் கடின உழைப்பு. 25 பவுண்டுக்கு எங்கே போவார்? உள்ளே போனார். வெளியே வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டு 1866 டிசம்பர் 27-ம் தேதி, கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாவது நாள், கண்ணை மூடினார்.

வீட்டில் ஏழு பிள்ளைகள். மூத்த பெண் ஆனிக்கு 13. கடைசிக்கு 1. நடுவே அடுக்கு டிபன் கேரியர் மாதிரி மற்றவர்கள். யாராவது போய்ப் பதிவு செய்யணுமே?

தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் இருக்கிற பெயர் எட்வர்ட் கெல்லி. உறவு, மகன். ஊர், ஆவனல்.

வீட்டிலே மூத்த பையன். அவன் சொன்ன தன் வயது, பதினொன்றரை.

* * *

உங்களில் பலர் ஊகித்திருப்பீர்கள். எட்வர்ட் கெல்லி என்றால் நெட் கெல்லி. ஆஸ்திரேலியாவின் பேர்பெற்ற கொள்ளைக்காரன். மூன்று போலீஸ்காரர்களைச் சுட்ட கும்பலின் தலைவன். 1880 ஜூனில் க்ளென்ரோவனில் இரும்புத் தகட்டைத் தலைக்கும் மார்புக்கும் கவசமாக மாட்டிக்கொண்டு விடியற்காலைப் பனியில் போலீஸைப் பார்த்து நடந்து வந்தவன். 1906-ல் வெளியான இவன் கதையைத்தான் உலகத்தின் முதல் முழுநீளக் கதைப் படம் என்கிறார்கள். ஒரு பக்கம் கொலைகாரன், இன்னொரு பக்கம் ஏழைகளின் காவலன் என்று இன்றும் அங்கே டீக்கடைச் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். நமக்கு அந்தப் பதினொன்றரையைப் பற்றித்தான் பேச்சு.

ஏனென்றால் கணக்கு இடிக்கிறது.

நெட் எப்போது பிறந்தான் என்பதற்குப் பிறப்புப் பதிவு இல்லை. மற்ற வவுச்சர்களை ஒவ்வொன்றாக எடுப்போம். 1865 மார்ச் 30-ல் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் எழுதிய குறிப்பில் பையனுக்கு 10 வயது 3 மாசம். அப்படியானால் 1854 டிசம்பர். 1870 ஜூலையில் அம்மா சொன்ன வயது பதினைந்தரை. அதுவும் ஏறக்குறைய அதே டிசம்பருக்கே போகிறது. தம்பி ஜிம், அண்ணன் பிறந்தது யூரேக்கா கலவர சமயம் என்று பிற்பாடு சொன்னான். தங்கச் சுரங்கக்காரர்கள் சர்க்காரோடு மோதிய அந்தக் கலவரம் நடந்தது 1854 டிசம்பர் 3. மூன்றும் அழகாக டேலி ஆகின்றன.

டேலி ஆகாதது ஒன்றே ஒன்று. அப்பாவின் சாவைப் பதிவு செய்யப் போன பையன், தன்னைப் பற்றியே சொன்ன வயது. அந்த டிசம்பரில் அவனுக்குப் பன்னிரண்டு முடிந்திருக்க வேண்டும். அவனோ பதினொன்றரை என்கிறான்.

ஆடிட்டராக இருந்தால் சிவப்புப் பென்சிலில் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த பக்கம் போகலாம். எனக்கு மனசு வரவில்லை. அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எதிரே மசிப்பேனாவோடு ஒரு பெரிய மனுஷர். "அப்பா பெயர்? தொழில்? எந்த ஊரில் பிறந்தார்? எப்போ கல்யாணம்? பிள்ளைகள் எத்தனை? வரிசையாகப் பெயரும் வயசும் சொல்லு." அக்காவிலிருந்து கைக்குழந்தை வரை ஏழு பேரின் வயதையும் அவன் சொல்லியாக வேண்டும். நடுவே தன் வயது வந்தபோது கணக்கு தவறியதா? அந்த வீட்டில் பிறந்தநாள் கொண்டாட்டமெல்லாம் கிடையாததால் சரியாகத் தெரியவே தெரியாதா? எதுவாக இருந்தாலும், அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் பெரிய ஆண்பிள்ளை யார் என்பதை அந்தக் கட்டம் சொல்லிவிடுகிறது. அதை எந்த வாழ்க்கை வரலாறும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

* * *

அடுத்தது கல்யாணங்கள். அந்தக் காலத்து விக்டோரியா மேரேஜ் சர்டிபிகேட்டும் தாராளம்தான். மணமக்கள் இருவரின் வயது, பிறந்த ஊர், தொழில், இரண்டு பக்கத்துப் பெற்றோர் பெயர், சாட்சிகள் எல்லாம் உண்டு. இதில் வயதை மட்டும் உப்புப் போட்டுத்தான் சாப்பிடணும். 21-க்குக் கீழே என்றால் வீட்டார் சம்மதம் வேண்டும். அதனால் காலனி முழுக்க எத்தனையோ பேர் சர்ச் வாசலில் திடீரென்று 21-ஐத் தொட்டார்கள்!

கெல்லி வீட்டுக் கல்யாணங்களையும் சாவுகளையும் தேதிவாரியாக அடுக்கினால், போலீஸ் ரிக்கார்டில் இல்லாத ஒரு கதை வருகிறது.

அக்கா ஆனிக்கு 1869-ல் கல்யாணம். 1872-ல் பிரசவத்தை ஒட்டிச் சாவு. அப்போது கணவன் ஜெயிலில். குழந்தைக்குத் தகப்பன் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். கெல்லி வீட்டுக்கும் போலீஸுக்கும் இருந்த பகை வெறும் குதிரைத் திருட்டால் மட்டும் வந்ததில்லை என்பதற்கு இந்த ஒரு சாவு போதும்.

தங்கை மேகிக்கு 1873-ல் கல்யாணம். ஐந்து வருஷத்தில் அவள் கணவனுக்கும் ஆறு வருஷ ஜெயில்.

அம்மா எல்லனுக்கு 1874 பிப்ரவரி 19-ல் பெனல்லாவில் இரண்டாம் கல்யாணம். மாப்பிள்ளை ஜார்ஜ் கிங், கலிபோர்னியாக்காரர், பெண்ணைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பெண் கத்தோலிக்கர், நடத்தி வைத்தவரோ மெதடிஸ்ட் பாதிரியார். மூத்த மகன் நெட் அந்த மாசம்தான் ஜெயிலிலிருந்து வந்திருந்தான். மூன்று பிள்ளைகளுக்கு அப்புறம் ஜார்ஜ் கிங் என்ற பெயர் குடும்பக் கதையிலிருந்து நழுவிவிடுகிறது. மனுஷர் எங்கே போனார்? தேடுகிறவர்கள் இன்னும் தேடுகிறார்கள்.

1878-ல் போலீஸ்காரரைக் கொல்ல முயன்ற கேஸில் எல்லனுக்கு மூன்று வருஷம். கைக்குழந்தையோடு உள்ளே போனார். 1880 நவம்பர் 11-ம் தேதி மெல்பர்ன் ஜெயிலில் மகனைத் தூக்கிலிட்டபோது அம்மாவும் அதே ஜெயிலில்தான் கைதியாக இருந்தார். ஜூனில் க்ளென்ரோவனில் இன்னொரு மகன் டான் செத்திருந்தான். ஒரே வருஷத்தில் இரண்டு பிள்ளைகள்.

இன்னொரு தங்கை கேட், ஊரார் கண் படாமல் இருக்க நியூ சௌத் வேல்ஸ் பக்கம் போய் வேறு பெயரில் வேலை செய்தாள். 1888-ல் ஃபோர்ப்ஸ் என்ற ஊரில் கல்யாணம். 1898 அக்டோபரில் அதே ஊர் நீர்நிலையில் பிணமாகக் கிடைத்தாள். வயது 35. எஞ்சிய அவளுடைய பிள்ளைகளை அண்ணன் ஜிம் போய்க் கூட்டி வந்தான். வளர்த்தது யார்? மறுபடி எல்லன்தான்.

இரண்டாம் கல்யாணத்தில் பிறந்த மகன் ஜாக் இருக்கிறாரே, அவருடைய வழி தனி. சர்க்கஸில் குதிரை வித்தை காட்டினார். கிங் என்ற பெயரை விட்டுவிட்டுக் கெல்லி என்று போட்டுக்கொண்டார். அப்புறம் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வேலையில் சேர்ந்தார். என்ன வேலை தெரியுமா? போலீஸ் கான்ஸ்டபிள்! நெட் கெல்லியின் தம்பி, நிஜத் தொப்பியும் சம்பளமும் வாங்கிய போலீஸ்காரர். கிங் என்று தேடினால் கிடைக்க மாட்டார். கேட்டைக் கெல்லி என்று தேடினால் கிடைக்க மாட்டாள். குடும்ப ஆராய்ச்சியில் முடி கொட்டுவது இப்படித்தான்.

எல்லன் 1923 மார்ச் 27-ல் காலமானார். சுமார் 91 வயது. பெற்றது 12. அதில் ஏழு பேராவது அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

* * *

இவ்வளவு பழைய காகிதத்தால் இன்றைக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று.

தூக்கிலிட்ட நெட்டை ஜெயில் வளாகத்திலேயே புதைத்தார்கள். 1929-ல் அந்த இடத்தைத் தோண்டியபோது வந்த எலும்புகளை வண்டியில் ஏற்றி, பென்ட்ரிட்ஜ் ஜெயிலில் மொத்தமாக ஒரு குழியில் போட்டார்கள். பல வருஷம் கழித்து மறுபடி தோண்டினால், பல கைதிகளின் எலும்பும் கலந்து கிடக்கிறது. இதில் நெட் யார்?

டி.என்.ஏ. சோதனைதான் வழி. அதிலும் மைட்டோகாண்ட்ரியல் டி.என்.ஏ. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்கும் வரும், ஆனால் மகனோடு நின்றுவிடும். மகள் வழியாக மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆக, கெல்லி என்று பெயர் வைத்திருக்கிற ஆளைப் பிடித்துப் பிரயோஜனமில்லை. எல்லனின் மகள், மகளின் மகள், அவளுடைய மகள் என்று இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கல்யாணம். ஒவ்வொரு கல்யாணத்திலும் பெண்ணின் பெயர் மாறும். அந்த ஏணியைக் கல்யாணப் பதிவு இல்லாமல் இறங்க முடியாது.

கிடைத்தார் ஒருவர். அம்மாவின் பெயரையே வைத்துக்கொண்டிருந்த சகோதரி எல்லனின் கொள்ளுப்பேரன். அந்த எல்லன் யாருடைய மகள்? காணாமல் போனாரே, ஜார்ஜ் கிங், அவருடைய மகள். எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டிருக்கக்கூடிய அந்த 1874 கல்யாணம்தான் கடைசியில் கை கொடுத்தது. அவருடைய ரத்தமும் எலும்பும் ஒத்துப்போக, 2011-ல் அடையாளம் உறுதியானது. மண்டையோட்டின் பெரும்பகுதி மட்டும் இல்லை. 2013 ஜனவரி 20-ல் கிரேட்டா ஊர்க் கல்லறையில், அம்மா இருக்கும் இடத்தின் பக்கத்தில், பெயர்ப்பலகை வைக்காமல் அடக்கம் செய்தார்கள். ஜெயிலிலிருந்து அவன் எழுதிக் கேட்டிருந்தது, முறைப்படி ஒரு கல்லறையில் புதைக்க வேண்டும் என்பதைத்தான். நிறைவேற 132 வருஷம் ஆயிற்று.

அந்த ஆவனல் பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது. அநேகமாக ஆறு மாசம் குறைச்சலான அந்தப் பதினொன்றரை வயதை இதுவரை யாரும் திருத்தவில்லை. திருத்த வேண்டாம் என்பதுதான் இந்த பி.காம். ஆடிட்டரின் சிபாரிசு. எல்லாருடைய கணக்கையும் ஒப்பிக்கப் போன பையன், தன் கணக்கில் மட்டும் ஆறு மாசம் விட்டுவிட்டான். பாஸ்.